டீசலில் பயோடீசல் கலப்பதைக் கட்டாயமாக்குங்கள், பில்லில் அதை எழுதுங்கள்

பெட்ரோலியம், இயற்கை எரிவாயு அமைச்சகத்தில் உயிரி எரிபொருள் கொள்கையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாமக்கல்லில் மூன்று லாரிகள் வைத்துப் பிழைப்பவன் நான். தாவர எண்ணெய், பொரித்து மீந்த எண்ணெய் போன்றவற்றிலிருந்து தயாராகும் பயோடீசலை டீசலில் கலப்பதைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். லாரிக்காரனிடமிருந்து இப்படி ஒரு கோரிக்கையை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

2009-இல் வந்த கொள்கை, 2017-க்குள் 20 சதவீதம் கலப்போம் என்றது. 2018-இல் வந்த கொள்கை அதை 5 சதவீதமாகக் குறைத்து, 2030 வரை தவணையும் வாங்கிக்கொண்டது. நாடு முழுவதற்கும் கணக்கெடுத்தால் கலப்பு இன்னும் ஒரு சதவீதத்தை எட்டவில்லை. நடுவில், பயோடீசலுக்கு எண்ணெய் தரும் என்று சொன்ன காட்டாமணக்குக் கதை வேறு. தண்ணீர் வேண்டாம், தரிசிலும் காய்க்கும், ஆடு கடிக்காது என்று சொல்லி மேட்டாங்காட்டுக்காரர்களை நடவைத்தார்கள். ஆடு கடிக்காதது மட்டும் உண்மையாக இருந்தது. மற்றபடி தண்ணீர் விடாத செடி காய்க்கவில்லை. காய்த்த கொஞ்சத்தைப் பறிக்கும் கூலிக்கே விலை கட்டவில்லை. நட்டவர்களே பிடுங்கி எறிந்தார்கள்.

பெட்ரோலில் இப்படி ஆகவில்லை. 2014-இல் ஒன்றரை சதவீதமாக இருந்த எத்தனால் 2025-இல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனாலுக்கு அரசு விலை நிர்ணயித்தது, எண்ணெய் நிறுவனங்களை வாங்க வைத்தது. ஆலைக்காரர் நம்பி முதல் போட்டார். பயோடீசலுக்கோ எட்டினால் சரி, எட்டாவிட்டாலும் கேட்பாரில்லை என்கிற இலக்கு ஒன்றுதான் இருக்கிறது.

எந்த எண்ணெயைக் கலப்பது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். இந்தோனேசியா 2025 முதல் டீசலில் 40 சதவீதம் பாமாயில் பயோடீசல் கலக்கிறது. அவர்கள் தோட்டத்தில் விளைகிறது, கலக்கிறார்கள். நாம் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறவர்கள். 2022 ஏப்ரலில் அதே இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியபோது நம் மளிகைக் கடைகள் பட்ட பாடு நினைவிருக்கும். வாணலிக்கு வர வேண்டியதை டேங்கில் ஊற்றச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

வாணலியில் பொரித்து முடித்த எண்ணெயைக் கேட்கிறேன். திரும்பத் திரும்பப் பொரிக்கும்போது எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்கள் (மொத்த துருவச் சேர்மங்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலேயே வந்துவிட்டது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் மீந்த எண்ணெய்க்குக் கணக்கு வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த எண்ணெய் எங்கே போகிறது என்று எங்கள் டிரைவர்களைக் கேளுங்கள். பெரிய கடையின் பின்வாசலில் டின்னில் ஏறி, நெடுஞ்சாலை ஓரத்துச் சின்னக் கடையில் இறங்குகிறது. ராத்திரி பத்து மணிக்கு அங்கே சாப்பிட்டுவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டே வண்டி எடுப்பவர்கள் எங்கள் ஆட்கள்தான். பயோடீசல் ஆலைக்காரர் தருவதைவிட இரண்டு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் டின் அந்தப் பக்கம்தான் போகும். எண்ணெய் நிறுவனங்கள் இவ்வளவு பயோடீசல் வாங்கியே தீர வேண்டும், இன்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று நீங்கள் எழுதிவைக்காதவரை இது மாறாது.

இனி என் வண்டிக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் குஜராத் லோடில் போன என் டிரைவர், சாலையோரத்தில் 'பயோடீசல்' என்று எழுதியிருந்த இடத்தில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவென்று நிரப்பிவிட்டார். ஊர் திரும்புவதற்குள், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போயிற்று. டேங்கைக் கழற்றிய மெக்கானிக் மோந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது பயோவும் இல்லை, டீசலும் இல்லை" என்றார். அந்தப் பேரைக் கேட்டாலே எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் முகம் சுளிப்பது இதனால்தான்.

நல்ல பயோடீசலுக்கும் குணம் உண்டு. பழைய டேங்கின் அடியில் படிந்த கசடை அது கரைத்துக் கிளப்பிவிடும். முதல் சில தடவை ஃபில்டர் அடைக்கும். ஈரத்தை இழுக்கும் என்பதால், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிப்பானை அடிக்கடி திறந்துவிட வேண்டும். மற்றபடி பயப்பட ஏதுமில்லை. இப்போதைய புகை விதிக்கு ஏற்ற பிஎஸ்-6 டீசலுக்கான தரநிர்ணயமே 7 சதவீதம் வரை பயோடீசலை அனுமதிக்கிறது. மைலேஜ் அடிபடும் என்பார்கள். டீசலைவிட பயோடீசலில் லிட்டருக்கு எட்டு சதவீத அளவுக்குச் சக்தி குறைவு. ஐந்து சதவீதக் கலப்பில், 400 லிட்டர் குடிக்கும் ஒரு நடைக்கு ஒன்றரை லிட்டர் சொச்சம் கூடும். டோல்கேட் வரிசையில் அதைவிட அதிகம் எரிக்கிறோம்.

எனக்கு வேண்டியது தகவல். பங்க்கில் டீசலின் டென்சிட்டி (அடர்த்தி) எழுதிவைக்கிறீர்கள். ஐந்து சதவீதம் பயோடீசல் கலந்தால் அதில் ஏற்படும் மாற்றம் அனுமதிக்கப்பட்ட ஏற்றத்தாழ்வுக்குள் அநேகமாக மறைந்துவிடும். ஆகவே எத்தனை சதவீதம், எந்த எண்ணெயிலிருந்து என்று பம்பின் மேலும் பில்லிலும் அச்சிடச் சொல்லுங்கள். 20 சதவீத எத்தனால் வந்தபோது பழைய பைக் வைத்திருந்தவர்கள் வேறு பெட்ரோல் கேட்டுக் கிடைக்காமல் கொதித்தார்கள். எங்களிலும் பதினைந்து வருட வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த மாவட்டத்தில் எந்த மாதம் தொடங்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். கேபினில் இரண்டு ஃபில்டர் கூடுதலாகப் போட்டு அனுப்புகிறேன். அந்தச் செலவு என்னுடையதாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்,
நாமக்கல்