குன்னூரில் ஒரு ரூம் கூடுதலாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ "மீட்டிங்ப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

காலேஜ் பேட்ச் சந்திப்புக்கு ஒரு வழியாகத் தேதி குறித்தாகிவிட்டது. அக்டோபர் இரண்டாவது ஞாயிறு, கோவையில். 1976இல் பிரிந்தவர்கள், 50 வருஷம் ஆகிறது. தேதிக்கே குரூப்பில் பெரிய சண்டை. புரட்டாசியில் வைத்தால் பிரியாணி போட முடியாது என்று ஒரு கட்சி. ஐப்பசிக்குத் தள்ளினால் மலைப்பக்கமே போக முடியாது என்று நான். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில் மண் சரியும், மலை ரயிலை நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். தென்மேற்கு மழை ஓய்ந்து அடுத்த மழை தொடங்குவதற்குள் கிடைக்கிற இடைவெளிதான் நமக்கு. ஊட்டியில் இரண்டாவது சீசன் என்று சொல்வதும் அதைத்தான். கடைசியில் சாம்பார் சாதம் ஜெயித்தது.

நீ போட்டு அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். கலர் கலராக, எந்த இடத்துக்கு எத்தனை நிமிஷம் என்பது வரைக்கும் போட்டிருந்தாய். வாக்கிங் போகிற நண்பர்களிடம் காட்டினேன், உங்கள் மகளா செய்தது என்று கேட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு இடம் எங்கள் வயசுக்குத் தாங்காது. இன்னொன்று, அது வந்த நேரம் ராத்திரி இரண்டரை மணி. அந்த நேரத்துக்கு உனக்கு என்ன வேலை?

என் கணக்கு வேறு. மதியம் கும்பகோணத்தில் ஜன் சதாப்தி ஏறினால் இரவு கோவை. உட்கார்ந்தே போகலாம், மேல் பெர்த் ஏறும் பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமையே போய்விடுவோம். சனிக்கிழமை சாயங்காலம் பேரூர் கோயில், அவ்வளவுதான். ஞாயிறு சந்திப்பு. திங்கள் ஒன்றுமே வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஒரு நாள் பூராவும் பேசிச் சிரித்துவிட்டு மறுநாள் விடிகாலையில் மலை ஏறினால் என்ன ஆகும் என்று கொடைக்கானலில் பார்த்தோமே.

செவ்வாய் மலைக்கு. எல்லாருக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்தே ரயிலில் போக ஆசை. 46 கிலோமீட்டர், ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரம் பிடிக்கும். கல்லாறு தாண்டினால் தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கிற பல் வைத்த கம்பியைப் பல்சக்கரத்தால் பிடித்து ஏறுகிற அழகு பார்க்க வேண்டியதுதான், யுனெஸ்கோ சும்மா 2005இல் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் பெட்டியில் கழிப்பறை கிடையாது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அதை யாரும் குரூப்பில் எழுத மாட்டார்கள், நான்தான் எழுதினேன். உடனே எல்லாரும் சரி என்றார்கள். அதனால் குன்னூர் வரை வேன், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒன்றேகால் மணி நேரம். அது போதும்.

தங்குவது குன்னூரில். ஊட்டியை விட உயரம் குறைவு, குளிரும் குறைவு. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஸ்டென்ட் வைத்தவர்கள் வேனிலேயே இருக்கட்டும். சிம்ஸ் பூங்கா சரிவாக இறங்கும், மேல் பாதியோடு திரும்பிவிடலாம். வரும்போது கோத்தகிரி வழி, அதில் கொண்டை ஊசி வளைவு குறைவு. அம்மாவுக்கு இஞ்சி மரப்பா இப்போதே வாங்கி வைத்தாகிவிட்டது. மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, சீட்டோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரிக்குள் கூடாது, உன் எவர்சில்வர் பாட்டிலை எடுத்து வா.

நீயும் வருவாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். குன்னூரில் ஒரு ரூம் கூடுதலாகவே சொல்லி வைத்திருக்கிறேன். கீழ்த்தளம், எங்கள் ரூமுக்கு அடுத்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் ரூம் ரூம்தான், கேன்சல் செய்யப் போவதில்லை. பொங்கலுக்கும் அவருக்கு லீவு இல்லை, உன் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் இல்லை. வேலை அப்படி, நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ஊட்டி வர்க்கி பிடிக்குமே, வாங்கட்டுமா வேண்டாமா என்று அம்மா கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு. முதல் வேலையில் சேர்ந்த வருஷம் எங்களை உட்கார வைத்து ஏற்காடு வரை ஒரே மூச்சாகக் கார் ஓட்டியவள் நீ, உனக்கு நான் தைரியம் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் தூங்கு. என் சிநேகிதர்கள் யாரும் உன்னிடம் எதையும் கேட்க மாட்டார்கள், அவரவர் சுகர் கணக்கே அவரவருக்குப் பெரிது. பெரியத்தை வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். வண்டி நம்பர், எங்கே தங்குகிறோம், எத்தனை பேர் எல்லாம் கேட்கிறது. மற்றவர்கள் அவரவர் வேனுக்குப் போட்டுவிட்டார்கள். நம் வண்டிக்கு நான் இன்னும் போடவில்லை. மூன்று பேர் என்று போடவா, நாலு பேர் என்று போடவா? அதை மட்டும் ஒரு வரி அனுப்பு. எதைச் சொன்னாலும் திருப்பிக் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா