வாட்சோ – கிர்கெனெஸ் 38 கிலோமீற்றர்: டாக்சிக் காசு பற்றிய முறைப்பாடு

மதிப்புக்குரிய விமான டிக்கெட் நிறுவன முகாமையாளருக்கு,

இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நாலுக்கும் "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" என்ற அதே பதில்தான் வந்தது. இதையாவது ஒரு மனிதர் வாசிக்க வேண்டும் என்று தயவாகக் கேட்கிறேன்.

பெப்ரவரியில் ஒஸ்லோவில் என் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். வட நோர்வேயில் நான் இருக்கும் வாட்சோவிலிருந்து பக்கத்து ஊர் கிர்கெனெஸ், அங்கிருந்து ஒஸ்லோ என்று உங்களிடம் டிக்கெட் எடுத்தேன். முதல் பறப்புக்கு உங்கள் தளத்தில் "38 கி.மீ., 15 நிமிடம்" என்று போட்டிருக்கிறீர்கள். சரி, அதில் பொய் இல்லை. ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டால் கழற்றுகிற நேரம் வந்துவிடும். ஆனால் அது வராங்கர் ஃபியோர்டு என்ற, நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடலுக்கு மேலால் பறக்கிற தூரம். அன்று பனிப்புயலில் அந்த விமானம் ரத்து. அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. மீன் பக்டரி வேலைக்கு வந்து இந்தப் பின்மார்க் மாகாணத்தில் இருபது வருசமாக இருக்கிறேன், இந்தக் காற்று எனக்குத் தெரியும்.

உங்கள் தொலைபேசித் தம்பியைத்தான் மறக்க முடியவில்லை. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, 38 கிலோமீற்றர்தானே, ஒரு டாக்சி பிடிச்சா அரை மணித்தியாலத்தில போயிடுவியள்." நடுவில் கடல் கிடக்கிறது, பாலம் இல்லை என்றேன். "நான் மெப்பைப் பாத்துத்தான் சொல்லுறன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். சிரித்துவிட்டு!

தெருவால் போவதென்றால் மேற்கே வராங்கர்பொத்ன் வரை போய், கடல் முடிகிற இடத்தைச் சுற்றி, மறுகரையால் திரும்பக் கிழக்கே வர வேண்டும். கிர்கெனெஸ் விமான நிலையத்துக்குச் சுமார் 160 கிலோமீற்றர். நல்ல நாளிலேயே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். அன்று மூன்றேகால். ஒஸ்லோவுக்குப் பறக்கவே இரண்டு மணித்தியாலம்தான் பிடிக்கும். நான் போய் இறங்கும்போது விமானம் போய்விட்டது. இரண்டு பறப்பையும் தனித்தனி டிக்கெட்டாக வெட்டி விற்றது நீங்கள், அதனால் அடுத்த விமானத்தில் இடம் கேட்கவும் எனக்கு வழியில்லை. அதை வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை.

தாய்மாமன் இல்லாமல் தாலி கட்டினார்கள். இருபது வருசம் சேர்த்த மரியாதை ஒரே நாளில் போய்விட்டது. இதற்கு எத்தனை இலட்சம் தந்தாலும் காணாது.

ஆனால் நான் கேட்டது டாக்சிக் காசு 6,400 குரோனரும் தவறிய டிக்கெட்டும் மட்டும். போன கிழமை என்ன எழுதினீர்கள்? "தூரம் 38 கி.மீ. என்பதால் அதற்குரிய 1,520 குரோனர் தரலாம்." கடலுக்கு மேலால் டாக்சி ஓடுமா, ஐயா? டிக்கெட் விற்கிற உங்களுக்கு அது தெரியாமல் இருக்குமா?

நீங்களும் எங்கள் ஆட்கள் என்றுதான் இவ்வளவு நாளும் பொறுத்தேன். பதினாலு நாளுக்குள் முழுக் காசும் வராவிட்டால் ரசீதுகளோடு நோர்வே நுகர்வோர் சபைக்குப் போவேன். அப்புறம் என்னைக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். டாக்சி ரசீதை மறுபடியும் இணைத்திருக்கிறேன், ஓடின தூரம் அதிலேயே அச்சாகி இருக்கிறது.

இப்படிக்கு,
வாட்சோ வாடிக்கையாளர்