தொலைந்த தட்டுகளைக் கேட்கவைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மிச்சிகன் மாநிலத்திலும் அதன் எல்லையை ஒட்டிய ஊர்களிலும் 1976 முதல் 1983 வரை சில நூறு பிரதிகளாக வெளிவந்து கடைகளிலிருந்து மறைந்துபோன பங்க் ராக் (வேகமும் இரைச்சலும் நிறைந்த கரடுமுரடான ராக் இசை) இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்து, கழுவி, கணினியில் பதிவுசெய்து, யார் எங்கே எப்போது பதிவுசெய்தார்கள் என்ற குறிப்போடு அடுக்கி வைக்கும் வேலையை 9 ஆண்டுகளுக்கு முன் தொடங்கினேன். சென்ற மாதம் 63ஆவது தட்டோடு அதை நிறுத்திக்கொண்டேன். முடித்துவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. அலமாரியில் இடமில்லை என்பதே உண்மை. இதில் நான் தனியாகச் செய்தது மிகவும் குறைவு. ஆகவே, உதவியவர்களுக்குப் பொதுவில் நன்றி கூறவே இந்த மடல். பெயர் குறிப்பிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் எழுதவில்லை. வாசிக்கும்போது தங்களை அவர்களே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கோவையிலிருந்து கார் தொழிற்சாலை வேலைக்காக டெட்ராய்ட்டின் புறநகருக்கு வந்தவன் நான். இளையராஜா ஒலிநாடாக்களோடு வளர்ந்தவனுக்குப் பங்க் என்ற சொல்லே 30 வயதுக்கு மேல்தான் காதில் விழுந்தது. அதைக் காதில் போட்டவர், ஹாம்ட்ராமிக் பகுதியில் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருந்த பெரியவர். மழைக்கு ஒதுங்கிய என்னிடம், 'இது உன் ஊர்ப் பாட்டு, கேட்டுவிட்டுப் போ' என்று டெத் குழுவின் தட்டை ஓடவிட்டார். 'உன் ஊர்' என்று டெட்ராய்ட்டை என்னிடம் முதன்முதலாகச் சொன்னவரும் அவரே.

டெத் குழுவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் 9 ஆண்டு அலைச்சலுக்கும் அதுவே வித்து. டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி ஆகிய மூன்று கறுப்பினச் சகோதரர்கள் டெட்ராய்ட்டில் தங்கள் வீட்டு அறையிலேயே பழகி, 1975இல் யுனைட்டட் சவுண்ட் சிஸ்டம்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் 7 பாடல்களைப் பதிவுசெய்தார்கள். பெரிய நிறுவனத்தின் தலைவரான கிளைவ் டேவிஸ் அவர்களை ஆதரிக்க முன்வந்தார். ஆனால் 'மரணம்' என்று பொருள்படும் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்றார். தந்தையை விபத்தில் இழந்த பிறகு, மரணத்தையே வேறு கண்ணால் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த டேவிட் மறுத்துவிட்டார். வாய்ப்பு நழுவியது. 1976இல் தங்கள் சொந்தச் செலவில் இரண்டு பாடல்களை மட்டும் 500 தட்டுகளாக வெளியிட்டார்கள். வானொலி நிலையங்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கவில்லை. சகோதரர்கள் வெர்மான்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். உலகம் என்றாவது இந்த நாடாக்களைத் தேடி வரும், பத்திரமாக வைத்திரு என்று சொல்லி மூல நாடாக்களைத் தம்பியிடம் ஒப்படைத்த டேவிட், 2000இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். சிகாகோவின் டிராக் சிட்டி நிறுவனம் அந்த 7 பாடல்களையும் வெளியிட்டது 2009இல். அதற்குச் சற்று முன்பு வரை, தம் தந்தையின் குரல்தான் அது என்பது பாபியின் மகன்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

ஹாக்னி குடும்பத்தாரை நான் சந்தித்ததில்லை. ஆயினும் என் முதல் நன்றி, 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பரணில் அந்த நாடாக்களை எறியாமல் வைத்திருந்தவர்களுக்கே உரியது. இந்தத் துறையில் 'மீட்டெடுத்தோம்', 'கண்டுபிடித்தோம்' என்று சேகரிப்பவர்கள் மார்தட்டுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் நாங்கள் எடுத்தது எல்லாமே யாரோ ஒருவர் ஏற்கெனவே வைத்திருந்ததுதான். எவரும் விலை கேட்காத காலத்தில், வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பெட்டியையும் வண்டியில் ஏற்றினார்களே, பெரிய காரியம் அதுதான்.

வைத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணிக்கையே சாட்சி. மிச்சிகனின் லான்சிங் நகரில் டெஸ்கோ வீயும் டேவ் ஸ்டிம்சனும் 1979இல் தொடங்கிய டச் அண்ட் கோ என்ற கையெழுத்துப் பத்திரிகை போன்ற சிற்றிதழ், 1981இல் தட்டு வெளியிடும் நிறுவனமாகவும் ஆனது. அதன் முதல் வெளியீடான நெக்ரோஸ் குழுவின் தட்டு 100 பிரதிகள். இரண்டாவதான தி ஃபிக்ஸ் குழுவின் தட்டு 200 பிரதிகள். கல்யாணப் பத்திரிகைகூட நாம் இதைவிட அதிகமாக அச்சடிப்போம். நெக்ரோஸின் பேஸ் கிதார்க்காரரான கோரி ரஸ்க் அந்த நிறுவனத்தை ஏற்றுப் பிற்காலத்தில் சிகாகோவிலிருந்து நடத்தினார் என்பதால் அதன் வரலாறு பதிவாகியிருக்கிறது. ஒரே ஒரு தட்டோடு கலைந்த குழுக்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஹாம்ட்ராமிக் பெரியவருக்கு இன்னொரு கடனும் உண்டு. தட்டில் பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவிலுள்ள லேபிளுக்கும் இடையே இருக்கும் வெற்று வளையத்தில் கீறப்பட்ட எண்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் படிக்க அவர்தான் கற்றுக்கொடுத்தார். எந்த அச்சு, எத்தனையாவது அச்சு, அசலா போலியா என்பதையெல்லாம் அந்தக் கீறலே சொல்லும். கணிசமான தொகை கொடுத்து வாங்கவிருந்த ஒரு தட்டை, உறைப்படத்தின் புள்ளிகள் மங்கியிருப்பதைக் காட்டி, 'நகலிலிருந்து எடுத்த நகல்' என்று கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டார். அவர் விற்றிருந்தால் வாடகைக்கு ஆகியிருக்கும்.

அடுத்து, ஓய்வுபெற்ற ஒலிப்பொறியாளர் ஐயா. தொடக்கத்தில் நான் நான்கு தட்டுகளை ஒரு நிறுவனத்திடம் பதிவுசெய்யக் கொடுத்தேன். அவர்கள் இரைச்சலோடு சேர்த்துச் டிரம்ஸோடு சேர்ந்த சிம்பல் என்ற உலோகத் தாளத்தின் ஓசையையும் துடைத்து, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் திருப்பிக் கொடுத்தார்கள். அதைக் கேட்டு ஐயா சிரிக்கவில்லை, வருந்தினார். பங்க் தட்டில் இரைச்சல் எது, இசை எது என்று பிரிப்பதற்கு மென்பொருளை நம்பாதே, முதலில் தட்டைக் கழுவு என்றார். காய்ச்சி வடித்த நீர், துளி சோப்பு, மென்மையான தூரிகை. பாதி இரைச்சல் அதிலேயே போயிற்று. தேய்ந்த தட்டுகளுக்கு வேறு அகலமுள்ள ஊசியைப் பொருத்தினால், பழைய ஊசி உரசாத உயரத்தில் பள்ளத்தின் சுவரைத் தொட்டு ஓடும் என்பதையும் அவரிடமே கற்றேன். ஒரே தட்டை மூன்று ஊசிகளில் ஓட்டிக் கேட்ட அந்தச் சனிக்கிழமைகளுக்கு நான் கட்டணம் கொடுக்க முயன்றபோதெல்லாம் இட்லிப் பொடி போதும் என்றார்.

ஒரு காலத்தில் குழுவொன்றில் டிரம்ஸ் வாசித்து, இப்போது பள்ளி ஆசிரியராக இருக்கும் அம்மையாருக்கு நான் பட்டிருக்கும் நன்றியை எழுத்தில் அடக்குவது கடினம். அவர்கள் குழு வெளியிட்ட ஒரே தட்டைப் பற்றிக் கேட்கப் போன என்னிடம், வெளிவராத இரண்டாவது தட்டுக்கான மூல நாடாவைச் செருப்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார், ரசீதுகூடக் கேட்கவில்லை. ஓட்டிப் பார்த்தால், சில நொடிகளில் கீச்சிட்டு நின்றது. 1970களின் நடுவிலிருந்து தயாரான பல நாடாக்களில், காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் பாட்டு பழுப்புத் தூளாக இயந்திரத்தின் முனையில் அப்பிக்கொள்ளும். சுமார் 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் மெல்ல உலர்த்தினால், சில வாரங்களுக்கு நாடா ஓடும். அதற்குள் நகலெடுத்துவிட வேண்டும்.

அவ்வளவு துல்லியமான மிதச் சூட்டுக்கு எங்கே போவது? மிச்சிகன் குளிரில் மோர்மிளகாய் காயவைப்பதற்கென்று என் மனைவி வாங்கிய மின் உலர்த்தி வீட்டில் இருந்தது. அதில் மிளகாய் பரப்பும் அடுக்குகளை எடுத்துவிட்டு, வெப்பமானியை வைத்து ஒரு நாள் முழுக்கச் சோதித்த பிறகு, நாடாவை உள்ளே வைத்தோம். 8 மணி நேரம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளும் உட்கார்ந்திருந்தாள், உலர்த்தியைப் பற்றிய கவலையோடு. மறுநாள் ஐயா வீட்டு இயந்திரத்தில் 4 பாடல்களும் முழுமையாக ஓடின. மூன்றாவது பாட்டின் நடுவே யாரோ சிரிப்பது கேட்டதும், அது எங்கள் கிதார்க்காரன், இறந்து 20 வருடம் ஆகிறது என்றார் அம்மையார். மறுபடி ஓடவிடச் சொன்னார். மனைவிக்கு நன்றி, புது உலர்த்தி வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

முகம் தெரியாத சிலருக்கும் நன்றி உண்டு, சற்றே தயக்கத்துடன். 1980களின் இறுதியில் 'கில்ட் பை டெத்' என்ற பெயரில் அனுமதியின்றி வெளிவரத் தொடங்கிய தொகுப்புத் தட்டுகள் இல்லையென்றால், இந்தக் குழுக்களில் பலவற்றின் பெயரே எவர் காதுக்கும் எட்டியிருக்காது. அதே நேரம், பாடியவர்களுக்கு அதில் காசு போகவில்லை. திருட்டுதான், ஆனால் அந்தத் திருடர்கள் வழி காட்டியதால்தான் உரியவர்களைத் தேடிப்போய் முறையான மறுபதிப்பு செய்யப் பிறர் கிளம்பினார்கள். என்னிடம் இருக்கும் பதிவுகளை அவ்வாறு வெளியே விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். கிடைத்த ஒவ்வொரு குழுவுக்கும் அவர்கள் பாட்டின் பிரதியை முதலில் அனுப்பினேன். 26 குழுக்களின் ஆட்கள் கிடைத்தார்கள். இருவர் மட்டும், அந்த வயதில் கத்தியதை இப்போது கேட்க வெட்கமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவும் அவர்கள் உரிமை.

பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருள்களில் கச்சேரி விளம்பரங்களைத் தேடித் தந்த நூலகருக்கும், எல்லைக்கு அப்பால் ஒஹாயோவின் டொலிடோ வரை கார் ஓட்டி வந்த அலுவலக நண்பருக்கும் என் நன்றி.

கடைசியாக, நான் அறியாத ஒருவருக்கு. எனது 41ஆவது தட்டின் உறையில், 'ஏ பக்கம் தாவும், ஓட்டாதே' என்று நீல மையில் எழுதியிருந்தீர்கள். எழுதியும் தூக்கி எறியாமல் வைத்திருந்தீர்கள். அது கீறல் அல்ல, மெழுகுவத்திச் சொட்டு. கழுவியதும் போய்விட்டது. இப்போது தாவுவதில்லை. உங்களுக்கொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
டெட்ராய்ட் புறநகரிலிருந்து ஒரு கோவைக்காரன்