செல்விக்கு: அந்தப் பழைய சிடி இருக்கிறதா?

சிவகாசி
ஆடி 25

அன்புள்ள செல்விக்கு,

சித்திரைப் பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நீ வராமல் போனதால்தான் நான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இருந்தது உண்மை. அது பத்து நாளில் போய்விட்டது. அதற்கப்புறம் எல்லாம் வேலைதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். அண்ணனுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? ராத்திரியில் சோறு போடாதே என்று போன தடவையே சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒரு சிடி இருக்க வேண்டும். எது என்று இப்போதே கேட்காதே, நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம், அதாவது அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரிப் புத்தகம், வெளியாக வேண்டும் என்றால் அதற்கு முந்தின வாரம் இங்கே எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரத்தில், ஆடி 13 காலையில், நாம் டிசைன் செய்கிற கோரல் மென்பொருள் திறக்கவில்லை. ஐகானைத் தட்டினால் முகப்புப் படம் வருகிறது, கீழே என்னென்னவோ ஏற்றுகிறேன் என்று ஓடுகிறது, பாதியில் மறைந்துபோகிறது. பிழை என்று ஒரு வரிகூட இல்லை. திட்டினாலாவது என்ன தப்பு என்று தெரியும், வாயே திறக்காவிட்டால் என்ன செய்வது?

முதலில் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். சில நேரம் முந்தின தடவை மூடிய கோரல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு அடுத்ததைத் திறக்க விடாது. ஒன்று இருந்தது, அதை நிறுத்தினேன். பலன் இல்லை. அப்புறம் எஃப்8-ஐ அழுத்திக்கொண்டே திறந்தேன். நீ சொல்லிக்கொடுத்ததுதான், அமைப்புகளெல்லாம் புத்தம்புதிதாக மாறும். மாற்றவா என்று கேட்டது, சரி என்றேன், மறுபடியும் மறைந்தது. என் ஷார்ட்கட் எல்லாம் போனதுதான் மிச்சம்.

சர்வீஸ் பார்க்கும் பையனைக் கூப்பிட்டேன். வந்தான், இரண்டு தட்டு தட்டினான், ஃபார்மட் போட்டுவிடலாம் என்றான். செல்வி, எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இருபது வருஷத்து ஃபாண்ட் எல்லாம் அந்த ஒரு மெஷினில்தான் இருக்கிறது. என்ன நோய் என்றே பார்க்காமல் காலை வெட்டச் சொல்வது என்ன வைத்தியம்? வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கோரலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டு மணி நேரம் போனது, அதே கதை.

ஆனால் அந்த இரண்டு மணி நேரம் வீண் இல்லை. புதிதாகப் போட்டதும் அதே இடத்தில் விழுகிறது என்றால் கோரல் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டது அல்லவா? அடுத்து விண்டோஸில் புதிதாக ஒரு யூசரைத் தொடங்கி அதில் திறந்து பார்த்தேன். அமைப்புகள் ஆளுக்கு ஆள் தனி. அங்கே திறந்திருந்தால் என் அமைப்பில்தான் கோளாறு என்று விட்டிருப்பேன். அங்கேயும் திறக்கவில்லை. ஆக, எல்லா யூசருக்கும் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்று. ஈவன்ட் வியூவரில் போய்ப் பார்த்தால், கோரல் விழுந்த ஒவ்வொரு முறையும் விண்டோஸ் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தது. அதில் இருந்த கோப்பு கோரலுடையது இல்லை, எழுத்துருக்களைக் கையாளுகிற விண்டோஸ் கோப்பு. எனக்கு உடனே நாம் வேலை பார்த்த இடத்து அண்ணாச்சி ஞாபகம் வந்தது. மெஷின் நின்றால் ஸ்பேனரைத் தேடாதே, நேற்று என்ன மாற்றினாய் என்று யோசி என்பாரே. நான் எதையும் மாற்றவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃபாண்ட் ஃபோல்டரில் விண்டோஸுக்குச் சொந்தமானது போக 1,900 சொச்சம் இருந்தது. அத்தனையையும் வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து வைத்துவிட்டு, அங்கிருந்து நீக்கினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். கோரல் திறந்தது! தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன், அம்மா என்னடி என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

ஆனால் ஃபாண்ட் இல்லாத கோரலை வைத்து என்ன செய்ய? கெட்டது எது என்று பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆடி போய் ஆவணி வந்துவிடும். பாதியைப் போட்டேன், திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தால் அந்தப் பாதி நல்லது, குற்றவாளி மற்றதில் இருக்கிறான். அதிலும் பாதி, அதிலும் பாதி. 1,900 என்பது 950, 475, 238 என்று இறங்கிப் பதினோரு சுற்றில் ஒன்றில் வந்து நின்றுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் மெஷினை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் பழைய பட்டியலையே மனதில் வைத்துக்கொண்டு நம்மை ஏமாற்றும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தேன். கடைசி ஒற்றை ஃபாண்டில் வந்து நின்றபோது பன்னிரண்டரை.

அது எது தெரியுமா? ‘அண்ணாச்சி’.

ஆமாம், நம்முடைய ‘அண்ணாச்சி’தான். 2004-இல் நீயும் நானும் ஷிஃப்ட் முடிந்து, அண்ணாச்சி ஆர்ட் பேப்பரில் பிரஷால் எழுதித் தந்ததை ஸ்கேன் செய்து, ஃபாண்ட் செய்கிற ஃபாண்ட்டோகிராஃபர் மென்பொருளில் ஒவ்வோர் எழுத்தாக ஓரம் தேய்த்தோமே, அதுவே. ழ-வுக்கு வால் நீளம் என்று மூன்று நாள் நீ சண்டை போட்டாய். கடைசியில் நீ சொன்னதுதான் சரி, இன்றைக்கும் அந்த ழ-வைப் பார்த்துத்தான் பார்ட்டிகள் கேட்டு வருகிறார்கள்.

காலையில் சின்னவனைக் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் ஒரு பார்ட்டி காலண்டர் தலைப்புக்கு அந்தப் பழைய எழுத்துதான் வேண்டும் என்று நின்றிருக்கிறார். இவன் என் பென் டிரைவை எடுத்துப் பழைய ஃபாண்ட்களை மெஷினில் ஏற்றியிருக்கிறான். பாதியில் கரண்ட் போயிருக்கிறது, யூபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாதம் ஆகிறது. அரைகுறையாக ஏறிய அந்த ஒரு ஃபாண்ட்தான் தொண்டையில் மாட்டிய முள். பிள்ளையைத் திட்டவில்லை, அவனுக்கு என்ன தெரியும். பேட்டரி அன்றைக்கே மாற்றினேன்.

அதை எடுத்துவிட்டதும் எல்லாம் ஓடுகிறது. ஆல்பத் தாள்களும் நேரத்துக்குப் போய்விட்டன. ஆனால் என் மனது ஓடவில்லை. பென் டிரைவைச் செருகினால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. பழைய மெஷின் போன வருஷமே இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஆக என்னிடம் ‘அண்ணாச்சி’ இல்லை, செல்வி.

பழைய ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். அந்த ஃபாண்டில் பாமினித் தட்டச்சில், அதாவது இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் தமிழ் வடிவத்தை ஏற்றிய பழைய முறையில், அடித்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக நிற்கிறது. தமிழ் என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. நம் கைக்கு அது தமிழ்தான், வேறு யாருக்கு? கோயில் கொடைப் பத்திரிகைகள், அக்கா கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அப்படி. கண்ட்ரோல் க்யூ போட்டுக் கர்வாக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி வைத்த ஃபைல்கள் மட்டும் பிழைத்திருக்கின்றன. கர்வில் ஒன்று, எழுத்தில் ஒன்று என இரண்டு நகல் வை என்று நீ தலைப்பாடாக அடித்துக்கொள்வாய். இடம் அடைக்கிறது என்று நான் எத்தனையை அழித்தேன்!

எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே நிற்கிற யூனிகோடு முறைக்கு மாறச் சொல்லி 2010-இலேயே அரசு சொன்னது, நாம் மாறவில்லை. அன்றைய கோரலில் யூனிகோடு தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும், வேலை நடக்காது. அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாறக்கூடிய நாள் வந்த பிறகும் சும்மா இருந்தோமே, அதுதான் தப்பு. இப்போது தினமும் ராத்திரி பத்து ஃபைலாவது யூனிகோடுக்கு மாற்றுகிறேன்.

அண்ணாச்சியின் கருமாதிப் பத்திரிகையை அவர் எழுத்திலேயே அடித்தோம், நினைவிருக்கிறதா? அதைத் திறந்து பார்த்தேன். கர்வில் இருந்ததால் அப்படியே இருக்கிறது, ஆனால் அதில் இருப்பது இருபத்தெட்டு எழுத்துதான். ஞ இல்லை, ஷ இல்லை. அவர் கை இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஃபாண்டில்தான். அவர் பேத்திக்கு ஆவணியில் கல்யாணம் பேசுகிறார்கள். பத்திரிகையில் அந்த எழுத்து இல்லாமல் போனால் என்னால் தாங்க முடியாது.

வேலையை விட்டுப் போகும்போது நீ ஒரு சிடி எழுதி எடுத்துக்கொண்டாய். மேலே பச்சை மார்க்கரில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கும். உன் தகரப் பெட்டியில், கல்யாண ஆல்பத்துக்கு அடியில் பார். கிடைத்தால் துடைக்காதே, வெயிலில் வைக்காதே. எழுதியிருக்கிற மேல்பக்கம் கீறினாலும் உள்ளே இருப்பது போய்விடும். உன் வீட்டு லேப்டாப்பில் சிடி போட இடம் இருக்காது, வெளியே கடையில் கொடுக்கவும் வேண்டாம். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. இங்கே பழைய டிரைவ் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

முதல் காரியமாக அதை மூன்று இடத்தில் நகல் எடுப்பேன், ஒன்று உனக்கு. கிடைத்தது, கிடைக்கவில்லை எதுவானாலும் அன்றைக்கே போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

உன்
ஜெயா