அந்தக் கட்டைபறிச்சான் காணி

திருகோணமலை

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தது பெரிய சந்தோசம். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கோணேசர் கோவிலடிக்குப் போனால் முகத்தில் அனல் அடிக்கிறது. வெயிலுக்குக் குறையே இல்லை. உன் ஐயாவின் கட்டைபறிச்சான் காணியைச் சோலர் மின் பண்ணைக்குக் குத்தகையாகக் கேட்டுக் கம்பெனிக்காரர் வருவதும் அதற்காகத்தானே.

கையெழுத்துப் போடக் கொஞ்சம் பொறு. காணிக்குச் சொந்தப் பத்திரமான உறுதி இருக்கிறதா, அரசாங்கம் கொடுத்த பெர்மிட்டா? பெர்மிட் என்றால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். பிரதேச செயலாளரின் முன்சம்மதம் இல்லாமல் கைமாற்ற ஏலாது. "அதெல்லாம் நாங்கள் பார்ப்போம்" என்று தரகர் சொல்வதை நம்பாதே. உறுதி இருந்தாலும் எல்லையை அளந்து பார். இடம்பெயர்ந்த காலத்தில் வேலி போய்ப் பற்றை மூடிய காணி அது. பற்றையை அரசாங்கக் காடு என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் அலைச்சல்தான்.

பக்கத்துச் சம்பூரையே பார். 2006இல் சண்டையால் சனம் இடம்பெயர்ந்தது, பலர் திரும்பி வந்தது 2015க்குப் பிறகு. 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் மோடியும் ஜனாதிபதி அநுரவும் அதே சம்பூரில் 120 மெகாவாட் சோலருக்குக் காணொளி வழியாக அடிக்கல் வைத்தார்கள். அதே வருடம் திருகோணமலை முத்துநகர் விவசாயிகள், தாங்கள் வயல் செய்த மண்ணைத் துறைமுக அதிகாரசபைக் காணி என்று சோலருக்குக் கொடுத்ததை எதிர்த்து மாவட்டச் செயலகக் கச்சேரிக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சோலரில் எனக்குக் கோபமில்லை மச்சான், என் கூரையிலும்தான் இருக்கிறது. ஆனால் உன் காணியில் யாருடைய பட்டி மாடு மேய்கிறது, யார் சிறுபோகம் செய்கிறார்கள் என்று நீயே வந்து கேள். பிறகு அவர்கள் காணி வாசலில் வந்து குந்தினால், கம்பெனி போய்விடும், ஊரில் பெயர் கெடுவது உனக்கு.

இன்னொன்று. குத்தகையை ஏக்கருக்கு இவ்வளவு என்று எழுது, மின் விற்பனையில் பங்கு வேண்டாம். கூரைச் சோலருக்குப் புதிதாகச் சேருவோரிடம் மின்சாரத்தை வாங்கும் விலையை 2025இல் குறைத்தார்கள். அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின் பாவனை குறைவு, சோலரை நிறுத்திவையுங்கள் என்று எங்களுக்கும் அறிவித்தல் வந்தது. நல்ல வெயில், அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பண்ணைக்கும் அப்படி வந்தால் உன் பங்கு பூச்சியம்தான். கம்பெனி இடையில் போனால் பனலையும் கொங்கிறீட்டையும் யார் கழற்றுவது என்பதையும் எழுதச் சொல்.

ஐயாவின் பழைய தகரப்பெட்டி மாமி வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கடதாசிகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஆடியில் வருகிறாய்தானே?

உன்,
பழைய வகுப்புத் தோழன்