சௌயின் நாளுக்கும் பாடத்திட்டத்தில் இடம் வேண்டும்: சமயக் கல்வி ஆலோசனைக் குழுக்களின் தமிழ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

இங்கிலாந்தின் ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியிலும் சமயக் கல்விக்கென ஓர் ஆலோசனைக் குழு இருந்தாக வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் கட்டாயமாக்கியது. ‘சாக்ரே’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அக்குழுக்களில் சைவக் கோயிலின் சார்பிலோ, திருச்சபையின் சார்பிலோ, ஆசிரியர் சங்கத்தின் சார்பிலோ, கவுன்சிலராகவோ அமர்ந்திருக்கும் தமிழர்களாகிய உங்களுக்கு, ஓர் இடைநிலைப் பள்ளியில் சமயக் கல்வி கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டம் மறுபார்வைக்கு வரும்போது, இங்கிலாந்தில் உருப்பெற்ற இளைய சமயமான விக்காவைச் சேர்ந்தவர்கள் இறந்தோரை நினைந்து கொண்டாடும் சௌயின் திருநாளுக்கு அதில் இடம் வேண்டும் என்ற கோரிக்கை உங்கள் முன் வருமானால், அதற்கு நீங்கள் ஆதரவாகப் பேச வேண்டும்.

இதை நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளின் தீபாவளியும் பொங்கலும் இந்நாட்டு வகுப்பறைகளுக்குள் தாமாக நுழைந்துவிடவில்லை. நமக்கு முன்னே இருக்கையில் இருந்தவர்கள் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இன்று அந்த இருக்கையில் நீங்கள் இருக்கிறீர்கள். இன்னொரு சிறிய சமயம் வாசலில் நிற்கும்போது, வேறு யாரைக் கேட்பதற்கு முன்பும் உங்களைக் கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

அக்டோபர் 31ஆம் நாள் சூரியன் மறையும் வேளையில் தொடங்கி மறுநாள் வரை நீள்வது சௌயின். அதே மாலையில் தெருவெங்கும் ஹாலோவீன் நடப்பதால் இந்தத் திருநாள் யார் கண்ணிலும் படுவதில்லை. பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. நானும் வாசலில் மிட்டாய்க் கிண்ணத்தோடு நிற்பவள்தான். ஆனால் சூனியக்காரித் தொப்பியும் பிளாஸ்டிக் எலும்புக்கூடும் சுவரில் தொங்கும் அந்த வகுப்பறையிலேயே, அன்றிரவு தன் வீட்டில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றப்போகும் ஒரு பிள்ளையும் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதைப் பாடத்திட்டங்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

என்னோடு பணியாற்றும் விக்கா அம்மையார் ஒருவர் அந்த இரவில் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். கூடத்தின் ஓரத்தில் ஒரு மேசைமேல் கறுப்புத் துணி விரித்து, இறந்தவர்களின் படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். தந்தையின் படத்துக்கு முன்னால் அவருடைய மூக்குக்கண்ணாடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், வயது முதிர்ந்து இறந்துபோன நாயின் கழுத்துப்பட்டை. மாதுளை, வீட்டில் சுட்ட ரொட்டி, நினைவின் அடையாளமாக ரோஸ்மேரிக் கொத்து. மாண்டவர்கள் மேற்கே போகிறார்கள் என்பது அவர்கள் மரபு. ஆகவே மேற்கு பார்த்த சன்னலில் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. அம்மையார் ஓர் ஆப்பிளைக் காம்பிலிருந்து கீழாக வெட்டாமல் குறுக்கே வெட்டிக் காட்டினார். விதையறைகள் ஐந்தும் சேர்ந்து ஐந்து முனை நட்சத்திரமாக நின்றன. அதைத்தான் அவர்கள் தங்கள் சமயச் சின்னமாகக் கொண்டிருக்கிறார்கள்.

பிறகு பேசாமல் உண்ணும் விருந்து. மேசையின் தலைமாட்டில் யாரும் உட்காராத ஒரு நாற்காலி. முதல் தட்டில் பரிமாறியது அங்கேதான். எல்லோரும் உண்டு முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. முள்கரண்டி தட்டில் படும் ஓசை மட்டுமே கேட்கும் அந்த நேரத்தில், காலியான நாற்காலியைப் பார்க்காமல் இருக்க ஒருவராலும் முடியவில்லை. உண்டு முடித்ததும் அந்த ஆண்டில் தாம் இழந்தவர்களின் பெயரை ஒவ்வொருவராக உரக்கச் சொன்னார்கள். விருந்தாளியாகப் போன என்னையும் கேட்டார்கள். நானும் ஒரு பெயரைச் சொன்னேன். முதல் தட்டின் உணவைத் தோட்டத்து மரத்தடியில் வைத்துவிட்டு வந்த பிறகுதான் பேச்சும் சிரிப்பும் தொடங்கின. ஒவ்வொரு விக்காக் குழுவும் இதையே செய்யும் என்று சொல்ல மாட்டேன். குழுவுக்குக் குழு, வீட்டுக்கு வீடு சடங்கு மாறும். பெயர் சொல்லி நினைப்பதும் உணவில் பங்கு வைப்பதும் பெரும்பாலும் எங்கும் உண்டு.

அமாவாசைப் படையலில் முதல் இலையை முன்னோருக்குப் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்த கையோடு வந்தவர்களுக்கும், நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் புல் செதுக்கி, மாலை சார்த்தி, மெழுகுவத்தி ஏற்றியவர்களுக்கும் இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிடவும் மாட்டேன். தர்ப்பணத்தில் பிள்ளைக்குரிய கடமை முன்னே நிற்கிறது. எள்ளும் தண்ணீரும் இறைப்பவன் கடன் தீர்க்கிறான். கல்லறைத் திருநாளில் ஆன்ம இளைப்பாற்றிக்கான மன்றாட்டு முதன்மை பெறுகிறது. சௌயினில் இறந்தவர் விருந்தாளி. அவருக்கு உயிரோடிருப்பவர் ஆற்றித் தீர வேண்டிய கடனாக எதுவும் சொல்லப்படுவதில்லை. விக்கா ஆண்டின் எட்டுத் திருநாள்களில் இது, அறுவடையோடு முதுமை எய்திய தெய்வம் மறையும் நாள். அத்தெய்வம் குளிர்கால நெடும் இரவில், யூல் திருநாளில், மீண்டும் பிறக்கிறது. இடைப்பட்ட இருட்டு, ஓய்வுக்கும் நினைவுக்கும் உரியது. இந்த வேறுபாடுகளை எடுத்துப் பேசத்தான் சமயக் கல்வி வகுப்பு இருக்கிறது.

உங்களுள் சிலர் இதன் பழமையைக் கேட்பீர்கள். தொன்மைக்குப் பெருமை தரும் இனம் நாம். அந்தக் கேள்வி நம்மிடம் எளிதாக எழும். அதற்கு உண்மையான பதிலைத் தருவதே நல்லது. சௌயின் என்ற பருவநாள் பழையது. கோடை மேய்ச்சலிலிருந்து மாடுகள் திரும்பும் காலமாக, வேற்றுலகத்தின் வாயில் திறக்கும் இரவாக, அயர்லாந்தின் இடைக்கால இலக்கியங்கள் அதைப் பேசுகின்றன. மீத் கவுண்டியில் ஆத்பாய் ஊருக்கு அருகே உள்ள திலாக்ட்கா குன்றில் அந்த இரவு பெருந்தீ மூட்டப்பட்டதாக 17ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் எழுதிவைத்தார். அதே கவுண்டியின் தாரா குன்றிலுள்ள, ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையுடைய ஒரு கல்லறை மேட்டின் நடைவழியில் நவம்பர்த் தொடக்கத்துக் காலைக் கதிர் நேராக விழுகிறது. ஆனால் கிறித்தவத்துக்கு முற்பட்ட ஐரிஷ் மக்கள் அந்நாளைக் குறிப்பாக இறந்தோருக்கென வைத்திருந்தார்கள் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றறிஞர் ரொனால்டு ஹட்டன் 1990களிலேயே வாதிட்டார். இறந்தோர் நினைவு இந்தப் பருவத்தோடு இறுகப் பிணைந்ததில், நவம்பர் முதல் நாளின் புனிதர் அனைவர் விழாவுக்கும், ஏறத்தாழ 998இல் பிரான்சின் குளூனி மடத்தின் தலைவர் ஓதிலோ தம் மடங்களில் ஏற்படுத்திய நவம்பர் 2ஆம் நாள் வழிபாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு.

விக்கா என்ற சமயமோ 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. அதை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்ட்னர். அவர் இளைஞராக 1900இல் இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றியவர். மலையகத் தமிழர் கொழுந்து பறித்த அதே மலைநாட்டில்தான். பிறகு போர்னியோ, மலாயா என்று சென்று, ஜோகூரில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று நாடு திரும்பினார். தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் 1939இல் ஒரு குழுவினர் தமக்குத் தீட்சை தந்ததாக அவர் கூறினார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகே அவரால் இதைப் பற்றி வெளிப்படையாக நூல் எழுத முடிந்தது. அவரிடம் தீட்சை பெற்ற டோரின் வேலியன்டே, வழிபாட்டில் இன்றும் ஓதப்படும் உரைகளைச் செப்பம் செய்து தந்தார்.

ஆக, சமயம் இளையது. அதன் பருவநாள் பழையது. அதன் இறந்தோர் நினைவில் கிறித்தவத்தின் சாயலும் கலந்திருக்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தாயை இழந்த ஒருத்தி அந்த இரவில் தாயின் பெயரைச் சொல்லும்போது அவள் துயரம் எத்தனை நூற்றாண்டுப் பழமை உடையது என்று நாம் கேட்பதில்லை. பாடப்புத்தகத்தில் இந்த வரலாற்றை உள்ளபடியே எழுதினால், ஒரு சமயம் எப்படிப் பிறக்கிறது என்பதை மாணவர் கண்முன்னே காணும் வாய்ப்பும் கிடைக்கிறது. பழைய சமயங்கள் எவற்றிலும் அந்த வாய்ப்பு இவ்வளவு அருகில் கிடைப்பதில்லை.

‘இது சாத்தான் வழிபாடு அல்லவா’ என்ற ஐயம் கிறித்தவ உறுப்பினர்களிடமிருந்து மட்டுமன்றி நம் கோயில்காரர்களிடமிருந்தும் வரும். சாத்தான் என்பவனை விக்கா நம்புவதே இல்லை. அம்மனும் அவள் துணைவனுமாகத் தெய்வத்தைக் காண்பவர்கள் அவர்கள். யாருக்கும் தீங்கு நேராதவரை உன் விருப்பப்படி செய் என்பது அவர்களுடைய நெறி. பலிபீடமும் வேப்பிலையும் வெள்ளைக்காரர் கண்ணுக்கு என்னவாகத் தோன்றின என்பதைப் பழைய மிஷனரிக் குறிப்புகளில் படித்திருக்கும் நாம், அதே பார்வையை இன்னொருவர் மேல் திருப்பலாகாது. நான் இதை மன்றாடிக் கேட்கிறேன்.

எண்ணிக்கை போதாது என்பார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் தம்மைப் பேகன் (விக்கா போன்ற இயற்கை வழிபாட்டு மரபுகளுக்கான பொதுப்பெயர்) என்றும், 13,000 பேர் விக்கா என்றும் தாமாகவே எழுதித் தந்தார்கள். அதே கணக்கெடுப்பில் சமணர் ஏறத்தாழ 25,000 பேர். சமணத்தை வகுப்பில் கற்பிப்பதை யாரும் மறுத்து நான் கேட்டதில்லை, மறுக்கவும் கூடாது.

சின்னஞ்சிறு சமயத்தாரின் இறந்தவர்களுக்கு அரசு எப்படி நடந்துகொண்டது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. நெவாடா தேசியக் காவற்படையைச் சேர்ந்த விக்கா வீரர் பாட்ரிக் ஸ்டூவர்ட் 2005 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் உயிரிழந்தார். அவருடைய நினைவுப் பலகையில் வட்டத்துக்குள் நட்சத்திரம் அமைந்த அந்தச் சின்னத்தைப் பொறிக்க அவருடைய மனைவி ரொபெர்ட்டா கேட்டார். ஏனைய சமயச் சின்னங்கள் பலவற்றை ஏற்றிருந்த முன்னாள் படைவீரர் துறை இதை மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, வழக்கு தொடரப்பட்ட பின் 2007 ஏப்ரலில்தான் ஏற்றது. நாட்டுக்காக உயிர் கொடுத்தவனுக்கே இந்த நிலை என்றால், பள்ளியில் படிக்கும் பிள்ளை தன் வீட்டு வழக்கத்தை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதில் வியப்பில்லை.

அந்தத் தயக்கத்தை நான் நேரில் கண்டேன். ‘எங்கள் வீட்டில் இறந்தவர்களை எப்படி நினைக்கிறோம்’ என்று எழுதச் சொன்னபோது, பாட்டியை இழந்து சில மாதங்களே ஆன ஒரு மாணவன், தான் போயிராத தேவாலயத்தையும் தான் ஏற்றியிராத மெழுகுவத்தியையும் எழுதித் தந்தான். அவர்கள் வீட்டில் சௌயின் கொண்டாடுவதுண்டு என்பதும், வகுப்பில் சிரிப்பார்கள் என்று அஞ்சி மறைத்தான் என்பதும் பின்னர் அவன் தாய் சொல்லித்தான் தெரிந்தது. பாட்டிக்காக அவன் செய்ததை எழுத அவனுக்கு இடமில்லாமல் போனது என்னை இன்றும் வருத்துகிறது.

சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. பாடத்திட்டம் இந்நாட்டின் சமய மரபுகள் பெரும்பாலும் கிறித்தவம் சார்ந்தவை என்பதைக் காட்ட வேண்டும், பிற முதன்மைச் சமயங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதே சட்டத்தின் சாரம். அதற்கு மேல் ஒரு சமயத்தைச் சேர்க்கலாகாது என்று அது சொல்லவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிப் பாடத்திட்டத்தில் பேகன் மரபு இடம்பெற்றது 2012இல் செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. தம் பிள்ளைக்கு வேண்டாம் என்று கருதும் பெற்றோர், சமயக் கல்வி வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை முன்போலவே இருக்கும்.

குழுவில் நான்கு பிரிவுகள், பிரிவுக்கு ஒரு வாக்கு என்பது உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தனிப் பிரிவு உண்டு. மற்றக் கிறித்தவ சபைகளும் ஏனைய சமயங்களும் ஒரே பிரிவில் சேர்ந்து ஒரு வாக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பிரிவுக்குள் முன்கூட்டியே பேசி முடிக்கப்படுவதுதான் பெரும்பாலும் கூட்டத்தில் முடிவாகிறது. ஆகவே உங்களில் ஒருவர் பேசாமல் இருந்தாலே கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களுக்கு, ‘இறப்பும் நினைவும்’ என்று ஏற்கெனவே பல பள்ளிகள் நடத்தும் பாடப்பகுதியில், கல்லறைத் திருநாளுக்கும் திதிக்கும் அருகில் சௌயினையும் ஒரு பாடவேளை அளவுக்குச் சேர்த்தால் போதும். அதை ஹாலோவீனின் வரலாறு என்ற தலைப்பின்கீழ் ஓரத்தில் ஒட்டவைக்காமல், உயிரோடிருக்கும் ஒரு சமயத்தின் வழிபாடாகவே கற்பிக்க வேண்டும். 1971 முதல் இயங்கிவரும் பேகன் ஃபெடரேஷன் போன்ற அமைப்பின் வழியாக, அதைக் கடைப்பிடிக்கும் ஒருவரையே வகுப்புக்கு அழைத்துப் பேச வைப்பது இன்னும் நல்லது.

பாடத்திட்ட மாநாட்டுக்கு முன் இதைப் பற்றிக் கலந்து பேச விரும்பும் எவரையும் நேரில் வந்து சந்திக்கிறேன்; வகுப்பில் நடத்திப் பார்ப்பதற்கு ஏற்ற மாதிரிப் பாடம் ஒன்றை எழுதிக் கையில் கொண்டுவருகிறேன். அதில் திருத்த வேண்டியதை நீங்கள் திருத்தித் தாருங்கள்.

மிகுந்த மதிப்புடன்,
சமயக் கல்வி ஆசிரியை ஒருத்தி