வெட்டி வேலை என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், இணையத்தில் பார்க்கக் கிடைக்கும் விசித்திரமான கலைகள், கண்டுபிடிப்புகள் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். கடற்கரையில் காற்று தள்ளத் தள்ள நடக்கும் குழாய்ப் பிராணிகள், பனியில் நடந்து நடந்தே வரையும் சித்திரங்கள், ஜப்பான்காரர்களின் கோமாளிக் கருவிகள் என்று படங்கள் எல்லாம் அருமை. கடைசியில் "நாலு நாள்கூட நிற்காத இந்த வெட்டி வேலையால் யாருக்கு என்ன லாபம்?" என்று முடித்திருந்தார் உங்கள் கட்டுரையாளர். அந்த வரி எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. நெதர்லாந்தின் தியோ யான்சென் 1990லிருந்து அந்தப் பிராணிகளைச் செய்துவருகிறார். மின்கம்பி ஓட்டும் சாதாரண பிளாஸ்டிக் குழாய்தான் அதற்கு எலும்பு. உடம்பு குலுங்காமல் மணலில் நடக்க எந்தக் குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து 11 அளவுகளைக் கண்டுபிடித்தார். இன்று இஞ்சினியரிங் பிள்ளைகள் அந்தப் பிராணிகளின் கால்களைச் செய்து பார்த்துப் படிக்கிறார்கள். ஜப்பானின் கென்ஜி கவகாமி செய்கிற 'சிந்தோகு' என்ற அந்தக் கோமாளிக் கருவிகளை விற்கக் கூடாது, காப்புரிமை வாங்கக் கூடாது என்பது அவரே வைத்த விதி. 1995ல் வந்த அவருடைய புத்தகத்தில், கேமராவைத் தள்ளிப் பிடித்துத் தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும் ஒரு குச்சியும் இருந்தது. அதே செல்ஃபி ஸ்டிக் அப்புறம் எந்தத் திருவிழாவில் இல்லாமல் இருந்தது, சொல்லுங்கள்.

நான் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சோதனைக்கூடம் என்று எங்களுக்கு இருந்தது ஒரு பூட்டிய அலமாரி. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்க வந்தாரே அர்விந்த் குப்தா, 2018ல் பத்மஸ்ரீ வாங்கியவர், அவர் இணையத்தில் இலவசமாகப் போட்டிருப்பதை செல்போனில் பார்த்துத்தான் பிள்ளைகளோடு மோட்டார் செய்தேன். ஒரு டார்ச் செல், அதன் இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்திய ஊக்குகள், ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பியில் சுற்றிய வளையம். கம்பியின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும், மறுமுனையில் ஒரு பக்கம் மட்டும் சுரண்டாமல் விட வேண்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் வளையம் சும்மா ஆடிவிட்டு நின்றுவிடும். ஏன் ஏன் என்று வகுப்பே மேஜையைச் சுற்றி நின்றது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம் கரண்ட் விட்டுப் போகணும் டீச்சர் என்று முதலில் சொன்னது, பாடத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு பெண். சாயங்காலத்துக்குள் செல் தீர்ந்துபோனது. மறுநாள் ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி அதைப் பார்த்து, "விளையாட்டுச் சாமானெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். உங்கள் கட்டுரையாளரின் வரியைப் படித்தபோது அவர் குரல்தான் எனக்குக் கேட்டது.

நிற்காததுதான் குற்றம் என்றால் எங்கள் பகவதி கோயில்களில் களமெழுத்து போடுகிறார்களே, அதை என்ன சொல்வீர்கள்? அரிசி மாவு, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு என்று ஐந்து நிறப் பொடியைக் கையாலேயே தூவித் தூவிக் காளியை வரைந்து, பூஜையும் பாட்டும் முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். ஓணத்துக்கு அத்தம் தொடங்கித் தினமும் போடுகிற பூக்களம் மறுநாள் வாடிப்போகும். மார்கழிக் கோலம் வெயில் ஏறுவதற்குள் சைக்கிள் டயரில் போய்விடும், அதற்கு நீங்கள்தானே வருஷாவருஷம் போட்டி வைக்கிறீர்கள்?

போட்டி என்றதும் மனசில் கிடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மருமகள் ஊடுபுள்ளிக் கோலம் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள், நடுவில் ஒரு இடத்தில்கூட இழை அறாத கோலம். தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் போட்டால் அது கோலம் இல்லையா ஐயா? இங்கே வீட்டுக்கு வீடு தமிழ்தான் பேசுகிறோம், காசு கொடுத்து உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறோம். ஆனால் ஆழியாறு தண்ணீரில் தகராறு வந்தால்தான் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தின் பெயர் உங்கள் பத்திரிகையில் வருகிறது. ஞாயிறு இணைப்பும் இங்கே ஒழுங்காக வருவதில்லை, பொள்ளாச்சிக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்கிறேன். ஏஜென்டிடம் கேட்டால் மேலே இருந்தே வரவில்லை என்கிறார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வருகிற மார்கழிப் போட்டி அறிவிப்பில் அந்த 'தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் மட்டுமே' என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். கடிதம் நீண்டுவிட்டது, சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். யான்சென் பற்றியதை வெட்டுங்கள், என் பள்ளிக்கூடத்துக் கதையையும் வெட்டுங்கள், இந்த வேண்டுகோளை மட்டும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.